ஒன்று அல்லது இரண்டு எனக் குறிப்பிடவும்

...நீயே எழுதிடும்மா, நான் ஓகே சொல்லிட்டேன்னு வச்சுக்கோ, இதைச் சொல்லிவிட்டு மேடம் காரில் ஏறிப் போய் மூன்று மணி நேரம் ஆகிறது, ஏழு வருஷமாக இந்தத் தொழிலாளர் நலச் சங்க ஆபீஸில் இதே பல்லவிதான், கம்பெனிக்காரனுக்கு மனுவா நீயே எழுதிடும்மா, ஆண்டறிக்கையா நீயே எழுதிடும்மா, யாராவது செத்துப்போனால் இரங்கல் கடிதம்கூட நீயே எழுதிடும்மா, ஆனால் இது? வெளிநாட்டில் ஒரு வருஷம் மேல்படிப்பு படிக்க அவள் போட்டிருக்கிற விண்ணப்பத்துக்கு, அவளைப் பற்றி, மேடம் தர வேண்டிய பரிந்துரைக் கடிதம், அதை அவளே எழுதி, மேடத்தின் மெயிலை அவளே திறந்து, அவளே அனுப்ப வேண்டும், பாஸ்வேர்டு ஒன்றும் சிதம்பர ரகசியம் இல்லை, மேடத்தோட நாய்ப் பெயரும் நாலு சைபரும், வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். படிவத்தின் தலையில் உதவித்தொகைக்காரன் சிவப்பில் வேறு போட்டிருக்கிறான், இது ரகசியமானது, விண்ணப்பிப்பவர் கண்ணில் படக் கூடாது என்று. கண்ணை மூடிக்கிட்டா டைப் அடிக்கிறது? ஐந்து மணிக்கு மூடிவிடுவான், இப்போது மூன்றரை, மூடினால் மூடினதுதான், இளைஞர்களுக்கான உதவித்தொகையாம், இளைஞர் என்றால் முப்பத்தைந்து வரைக்கும்தானாம், அவளுக்கு வருகிற மாசம் முப்பத்தாறு, அடுத்த வருஷம் அவன் கணக்கில் அவள் கிழவி. அம்மா காலையில் இட்ட ஆசீர்வாதம் இன்னும் காதிலேயே நிற்கிறது, இந்த வயசுல பையைத் தூக்கிக்கிட்டுப் படிக்கப் போறேங்கிறியே, கிடைக்கலைன்னா அழுதுக்கிட்டு உக்காராதே, சொல்லிட்டேன்.

இதிலே கொடுமை என்னவென்றால் கடிதம் ஒன்றில்லை, இரண்டு. எக்ஸ்பிரஸும் விண்ணப்பம் போட்டிருக்கிறான். எக்ஸ்பிரஸ் என்றால் களப்பணிக்கு மூன்று வருஷம் முன்னால் சேர்ந்தவன், இருபத்தாறு வயசு, மூச்சு விடாமல் பேசுவான் என்று அவள்தான் அந்தப் பெயரை வைத்தாள், வைத்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும், ஏனென்றால் அவனுக்காக அவள் எழுதிய கடிதமும் அதே வேகத்தில் வந்துவிட்டது, இருபதே நிமிஷம், கை நிற்கவே இல்லை. ஒரு கம்பெனிக் கிடங்கில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே பெட்டி கட்டுகிற பெண்களுக்கு உட்கார நாற்காலி கேட்டு வருஷக்கணக்கில் மனு மேல் மனு போய்க்கொண்டிருந்தபோது, இவன் போய் அந்தப் பெண்களிடம் சொன்னான், அவங்க தராட்டி போறாங்க, வீட்ல ஸ்டூல் இல்லையா உங்களுக்கு, ஆளுக்கொண்ணு தூக்கிட்டு வாங்க... மறுநாள் காலையில் நாற்பது பேர், நாற்பது ஸ்டூல், பிளாஸ்டிக், மரம், ஒருத்தி குழந்தையோட குட்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, வரிசையாக கேட்டுக்குள் நுழைந்தார்கள், சூப்பர்வைசர் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றான். இதை எழுதும்போது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது, இப்படி ஒருத்தனைப் படிக்க அனுப்பாமல் வேறு யாரை அனுப்புவான் என்று அவளுக்கே தோன்றியது. தோன்றட்டும்! ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாமே, எங்கே வளர்கிறது, தன் கடிதத்தில் இதுவரைக்கும் இருப்பது ஒன்றரை வரி, இவர் கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்... சீ, சுவர்க்கடிகாரத்துக்கா சான்றிதழ் கொடுக்கிறோம்?

அப்படியென்றால் அவள் ஒன்றுமே செய்யவில்லையா? ஸ்டூல் தூக்கிக்கொண்டு போன மூன்றாம் நாள் அந்தக் கம்பெனி மூன்று பெண்களை வேலையை விட்டு நிறுத்தியதே, அப்போது எக்ஸ்பிரஸ் இந்த மேஜை முன்னால்தான் உட்கார்ந்திருந்தான், அக்கா என்னாலதானேக்கா, என்னாலதானேக்கா என்று. அவள் அலமாரியைத் திறந்து கோப்பை எடுத்தாள், பதினொரு மனு, ஒவ்வொன்றிலும் தொழிலாளர் அலுவலகத்து முத்திரை, தேதி, வாங்கிக்கொண்டவன் கையெழுத்து, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை, அதைக் கொண்டுபோய் அதிகாரி முன்னால் தேதி வாரியாக அடுக்கினாள், இத்தனை நாளா எங்கே சார் இருந்தீங்கன்னு நாளைக்குக் கோர்ட் உங்களைத்தான் கேட்கும் என்றாள், மனுஷனுக்கு வேர்த்துவிட்டது, இரண்டே நாளில் மூன்று பேரும் திரும்ப வேலைக்குப் போனார்கள். போகிற வழியில் எக்ஸ்பிரஸ் கையைத்தான் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அவளிடம் ஒருத்தி கேட்டாள், டைப்பிஸ்ட் அக்கா, குடிக்கத் தண்ணி இருக்கா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இதெல்லாம் மேடத்துக்குத் தெரியும், அதிகாரி அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர் மேடம்தான், மேடம் எழுதினால் மூன்றே வரியில் முடிகிற விஷயம், அதையே தானே எழுதினால் பெருமை பீற்றிக்கொள்வது மாதிரி இருக்கிறதே... என்ன இழவு வேலை இது, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள், பதினொரு மனு என்று எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள், மணி நாலே கால்.

அப்புறம் கடைசிக் கேள்வி வந்தது. நீங்கள் ஒருவருக்கு மேற்பட்டவரைப் பரிந்துரைத்தால், உங்கள் கணிப்பில் இவருக்கு எந்த இடம்? ஒன்று அல்லது இரண்டு எனக் குறிப்பிடவும். அடப்பாவிகளா! அவள் போனை எடுத்து மேடத்தைக் கூப்பிட்டாள், பின்னால் கார் ஹாரன், யாரோ சிரிக்கிற சத்தம். மேடம், ரெண்டு பேர்ல யார் ஒண்ணு யார் ரெண்டுன்னு கேக்கறான், என்ன போடறது? அந்தப் பக்கம் சத்தமில்லை. ஹாரன்கூட இல்லை. அப்புறம், அது உனக்குத் தெரியாததாம்மா, நீயே பாத்துப் போட்டுடு, வைக்கிறேன், மீட்டிங் ஆரம்பிக்குது. எனக்குத் தெரியாததா! எனக்குத் தெரிஞ்சா உங்களை எதுக்குக் கேக்கறேன்? கோபத்தில் இரண்டு பேருக்கும் ஒன்று போட்டாள், போங்கடா, இரண்டு பேருமே ஒன்றுதான், திரை சிவந்துபோய்ச் சொன்னது, இந்த இடம் ஏற்கெனவே ஒருவருக்கு அளிக்கப்பட்டுவிட்டது.

அந்த நேரம் பார்த்து எக்ஸ்பிரஸ் கதவில் தலையை நீட்டினான், அக்கா என்னோடது எப்படி வந்திருக்கு, நல்லா வந்திருக்கா, நீங்க எழுதினா கண்டிப்பா எடுபடும்னு மேடமே சொன்னாங்க, ஆனா உங்களுக்குத்தான்க்கா கிடைக்கும், நான் சும்மா ஒரு முயற்சி, கிடைக்கலைன்னா அடுத்த வருஷம் பாத்துக்கறேன்... போடா, போய் வேலையைப் பாரு, எழுத விடு, என்றாள், அவன் சிரித்துக்கொண்டே போனான், திட்டினாலும் சிரிக்கிறான், அவன்மேல் ஒழுங்காகக் கோபப்படக்கூட முடியவில்லை. அடுத்த வருஷம் பாத்துக்கறானாம். அவனுக்கு இன்னும் ஒன்பது அடுத்த வருஷம் இருக்கிறது. அவளுக்கு இருபத்திரண்டு நிமிஷம்.

சரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அவன் செய்தது பெரிசுதான், அவள் செய்ததும் பெரிசுதான், ஸ்டூல் இல்லாவிட்டால் பதினொரு மனுவும் குப்பை, மனு இல்லாவிட்டால் மூன்று குடும்பம் தெருவில், யார் எடை போட்டுச் சொல்வது? அவள் தன் பெயருக்கு நேரே ஒன்று என்று அடித்தாள். அவனுக்கு இரண்டு. அவன் கடிதத்தில் ஒரு வரியைக்கூடக் குறைக்கவில்லை, அது மட்டும் சத்தியம். இரண்டையும் அனுப்பினாள், தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, மேடம், என்று திரை மேடத்துக்கு நன்றி சொன்னது, நாலே முக்கால்.

போன் அடித்தது. மேடம். ரெண்டும் போயிடுச்சாம்மா? போயிடுச்சு மேடம். அப்பாடா... ஆமா, யாரை... என்று இழுத்தார், நின்றார், அப்புறம் சிரித்தார், வேணாம் வேணாம், சொல்லாதே, அதான் ரகசியம்னு போட்டிருக்கானே! வைத்துவிட்டார்.

அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். உன்னைத்தாம்மா முதல்ல போடணும், இதில் கேக்க என்ன இருக்கு... சொல்ல நினைத்திருந்தால் இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சு இடத்தில்தானே மேடம் பேசாமல் இருந்தார். இல்லை, ஒருவேளை அவள்மேல் இருக்கிற நம்பிக்கையோ, நியாயமாகத்தான் போடுவாள் என்று... நியாயமாக என்றால் யாரை? இல்லை, அவள் எப்படியும் தன்னை இரண்டாவதாகத்தான் போட்டுக்கொள்வாள், இங்கேயே கிடப்பாள், மனு எழுத ஆள் இருக்கும் என்கிற கணக்கோ? கிடைத்தால் போய்விடலாம், அம்மா வாயை அடைக்கலாம், எல்லாம் சரி. ஆனால் ஏழு வருஷமாக மேடம் வாயிலிருந்து வரும் வரும் என்று காத்திருந்த ஒரே ஒரு வார்த்தையை இன்று அவளே தன் கையால் டைப் அடித்து அனுப்பிவிட்டாள், இனிமேல் மேடமே வந்து சொன்னாலும், அவள் எழுதிக்கொடுத்ததைத்தான் திருப்பிச் சொல்கிறாரோ என்றுதானே தோன்றும்? எதிர் மேஜையில் எக்ஸ்பிரஸ் யாரிடமோ போனில் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தான், அக்காதான் எழுதினாங்க, சூப்பரா எழுதியிருப்பாங்க, எனக்குத் தெரியும்.