எல்லாம் வலது கை

"வரைஞ்சது நீதானமே? அச்சுப் பலகையத் திருப்பிப் போட்டியான்னு கேட்டதுக்கு..."

"நான் வரைஞ்சா உன் கண்ணு எங்கய்யா போச்சு? இத்தினி நாளா செதுக்கிக்கினு இருந்தியே..."

"கேட்டேனா இல்லியா? தலைய ஆட்டினியா இல்லியா?"

"தூக்கத்துல ஆடுச்சுய்யா தல!"

திண்டிவனத்துப் பட்டறையில் தச்சர் தொம்மையும் மனைவி இருதயமேரியும் இப்படி ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். விழுப்புரத்து ஓட்டல் ஒன்றுக்கு ஆறு நாற்காலிகள். காலும் முதுகும் முடிந்து, கைகளைப் பொருத்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பன்னிரண்டும் வலது பக்கத்துக் கைகள்.

அச்சுப் பலகையை வைத்து மரத்தில் கரிக்கோடு போடுவது மேரியின் வேலை. ஆறு வலது கை வரைந்ததும், இடது கைகளுக்கு அச்சைக் கவிழ்த்துப் போட வேண்டும், மறந்துவிட்டாள். அறுத்த துண்டைக் கவிழ்த்துச் செதுக்கியிருந்தாலும் தப்பியிருக்கும். தொம்மைக்கும் தோன்றவில்லை. இனிக் கவிழ்க்க முடியாது. மேல்பக்கத்தை உருண்டையாக இழைத்து, அடியில் துளையும் போட்டாயிற்று.

"சோத்துக்கு வலது கை போதும், நாற்காலிக்கும் போதும்னு ஓட்டல்காரன்கிட்ட சொல்லு போ" என்றாள். சிரிக்க இருவருக்கும் தெம்பில்லை.

தொம்மை பரணை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எங்கே போகிறதென்று மேரிக்குத் தெரியும். அங்கே இருப்பது பூவரசம் பலகை. மகள் லூர்துசெல்வி மயிலத்திலிருந்து தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். அவளுக்குக் கட்டில் செய்ய வைத்த மரம்.

"அதத் தொடாதய்யா. மழை வந்தா தரையெல்லாம் ஊறும். பச்சப்புள்ளய ஈரத்துலயா போடுவ?"

"வெள்ளக்காரன் சண்டை வந்ததுலருந்து மரமெல்லாம் பட்டாளத்துக்குப் போவுது, மரக்கடையில ஒரு துண்டு கெடைக்குதா? இது போவலன்னா நாளைக்கு எவன் வேலை குடுப்பான்? வேற வழி இருந்தா நீயே சொல்லு."

அவள் ஒரு கையை எடுத்து நாற்காலியின் இடப்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள்.

தொம்மை பலகையை இறக்கினார். இந்த முறை ஆறு இடது கைகளுக்கும் கோட்டை அவரே போட்டார். பெரிய ரம்பத்தை ஒருவராக இழுக்க முடியாது.

"புடிமே."

மேரி முந்தானையை இடுப்பில் செருகி, மறுமுனையைப் பிடித்தாள். ரம்பம் போயிற்று, வந்தது. பூவரசந்தூள் அவள் பாதத்தில் கொட்டியது. பலகை பாதி பிளந்ததும் கையை நிறுத்தாமலே கேட்டாள்:

"செல்வி வந்து கட்டில் எங்கம்மான்னா, நீ சொல்லுவியா, நான் சொல்லட்டுமாய்யா?"