பியாலாவில் தேத்தண்ணி

மேடையில் கீர்த்தனன் அந்த வெற்றிக் கோப்பையைத் தூக்கிக் காட்டியபோது கம்சிகாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அது அவளுடைய அப்பாவின் கோப்பை. மலேசியாவில், கிள்ளான் துறைமுகத் தொழிலாளர்களின் பூப்பந்துப் போட்டியில் அப்பா தில்லையம்பலம் வென்றது. லண்டனில் அவள் வீட்டு அலமாரியில் இருந்ததை, இன்றைய கூட்டத்துக்கென்று துணியில் சுற்றி அவள்தான் கொடுத்திருந்தாள்.

மலாயில் கலந்த பாரசீகச் சொற்களை இருவரும் சேர்ந்துதான் தேடினார்கள். பாரசீகம் அவன் படித்தது. மலாய் அவள் வளர்ந்த தெருவின் பேச்சு. மேடைக்கு ஒருவர் போதும் என்று ரெய்னர்ஸ் லேன் தமிழ்ச் சங்கத்தார் சொன்னபோதும் அவள் முகம் சுளிக்கவில்லை. யார் வாயால் வந்தால் என்ன என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

"பாரசீகத்தில பியாலா எண்டா குடிக்கிற கிண்ணம். மலாயிலயும் முந்தி அதுதான். இப்ப பெரும்பாலும் வெண்டவைக்குக் குடுக்கிற கோப்பை," என்றான் கீர்த்தனன். "ஆனா என்ர அப்பா விடேல்லை. கிள்ளானில வெண்ட இந்தப் பியாலாவிலதான் ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி குடிப்பார். வெறுமன இருக்கிற பாத்திரம் வீட்டுக்கு ஆகாது எண்டுவார்."

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. தட்டப்போன கம்சிகாவின் கை பாதியில் நின்றது. அப்பா செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவன்று அழுதழுது அவள் அவனுக்குச் சொன்னது, ஒரு சொல் பிசகாமல்.

பாவி, ஆராய்ச்சியை எடுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அப்பாவையே எடுத்துக்கொண்டான். எழும்பிக் கேட்டிருப்பாள்தான். ஆனால் முன்வரிசையில் அவனுடைய அப்பா கணேசலிங்கம் இருந்தார். யாழ்ப்பாணத்தை விட்டால் லண்டன், வேறு ஊர் தெரியாத மனிதர். பக்கத்திலிருந்தவர்கள் அவர் தோளைத் தட்டிப் பாராட்ட, அவர் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் கீர்த்தனன் வந்தான். "கோவிக்காதை கம்சி. சொந்தக் கதையாச் சொன்னாத்தான் சனம் கேக்கும்."

"அப்ப என்ர அப்பா ஆர்?"

யாரோ படமெடுக்கக் கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று மேசையடிக்குப் போனாள். அது கணேசலிங்கத்தின் கையில் இருந்தது. யாரோ ஆர்வக்கோளாறில் அதில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். அவர் குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. அவளைக் கண்டதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, கிள்ளான் எந்த நாட்டில இருக்கு? ஆக்கள் கேக்கினம்."