கல்லில் எழுந்த புதுக்கோட்டை

கண்காட்சி தொடங்கவிருந்த வாரத்தில், படத்தை எழுதி அச்செடுக்கும் அச்சுக்கல் இரண்டாகப் பிளந்தது. பெண்கள் பள்ளியில் சித்திரம் கற்பிக்கும் ஞானமணி அச்சகத்துக்கு ஓடிவந்தபோது, கல்லில் எழுதியிருந்த அவளுடைய புதுக்கோட்டைப் படம் கீழராஜ வீதியோடு விண்டு கிடந்தது.

சாதாரண வரைபடம் இல்லை அது. வானத்துப் பறவையின் கண்ணுக்குத் தெரிவதுபோலக் கோபுரமும் அரண்மனையும் சந்தையும் நிமிர்ந்து நிற்க, தெருவெங்கும் குதிரைவண்டிகளும் ஆட்களும் நடமாடுகிற படம். ரயிலடியிலும் மொட்டைமாடிகளிலும் வெயில் பாராமல் நின்று அவள் தாளில் வரைந்தது.

"இதைக் கல்லுல எழுதின ஆளு மதுரைக்குப் போயிட்டாரு, டீச்சரம்மா. மிச்சம் இருக்கிறது சின்னக் கல்லுதான். தெருவுக்கு வெறும் கோடு போட்டு ஒப்பேத்திருவோம்" என்றார் அச்சக முதலாளி அடைக்கப்பன்.

"வெறும் கோடு போட்டா யாரு செட்டியாரே நம்ம ஊருன்னு சொல்லுவா? நானே கல்லுல எழுதுறேன்."

"அச்சுல திரும்பி விழும், அதனால எல்லாத்தையும் இடவலம் மாத்தி எழுதணும். வெரல் பட்டாக்கூடக் கறை அச்சாயிரும்."

"படாமப் பாத்துக்கிறேங்க."

தாளுக்கு எதிரே கண்ணாடியை நிறுத்தி, அதில் தெரிந்த பிம்பத்தைப் பார்த்தே எழுதத் தொடங்கினாள். கல்லில் கை படாதபடி குறுக்கே ஒரு பலகை. ஆனால் ஊர் அந்தச் சின்னக் கல்லில் அடங்குவதாயில்லை. அளவுப்படி சுருக்கினால் ஆட்கள் எறும்பாகிவிடுவார்கள். சற்று நேரம் தவித்தாள். பிறகு, அளவு கிடக்கட்டும் என்று துணிந்தாள். வெற்றுப் பொட்டலை மடித்துச் சுருட்டினாள். குளங்களை ஒடுக்கினாள். சந்தையைத் தாராளமாக விரித்தாள். திருக்கோகர்ணத்துக் கோபுரம் படத்தின் ஓரச் சட்டத்தையும் தாண்டி மேலே எழுந்தது. தாளில் அடங்கி ஒடுங்கி வரைந்த கைதானா இது என்று அவளுக்கே வியப்பு.

கல்லிலிருந்து முதல் தாளை உரித்தெடுத்த அடைக்கப்பன், படத்துச் சந்தையின்மேல் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"சந்தைச் சத்தமே கேக்குதே, டீச்சரம்மா!"

கண்காட்சியில் படத்தைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. "கீரனூர் பஸ்ஸு இங்கிட்டு நிக்குது பாருங்க!" என்றார் ஒருவர். பூ விற்கும் உண்ணாமலை ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஆத்தாடி! கொடைக்குக் கீழ ஒக்காந்திருக்கிறது நானு!"

அச்சடித்த தாள்கள் மத்தியானத்துக்குள் தீர்ந்தன. கிடைக்காதவர்கள் அடைக்கப்பனைப் பிடித்து உலுக்கினார்கள்.

"யாருங்க இதை வரைஞ்சது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

பத்துப் பேர் நடுவில் வாய் திறக்கக் கூசுகிற ஞானமணி, ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றாள்.

"நான்தான்!" என்றாள், பந்தல் முழுக்கக் கேட்கும்படி.