சும்மா விட்ட பாறை

கோபம் வந்தால் நான் தண்ணீருக்கடியிலும் கத்துவேன். அன்றைக்குக் கத்தியதில் முங்கும்போது கவ்வியிருந்த மூச்சுவிடும் குழாய் வாயை விட்டே கழன்றுபோனது.

எங்கள் தீவின் மேற்குக் கரைப் பவளமெல்லாம் ஒரு கோடை வெப்பத்தில் வெளுத்துச் செத்தபோது, ஆய்வுக்காக அங்கிருந்த ஒரு பாறையை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியில் பவளத் துண்டுகளை நட்டோம். மறு பாதியைத் தொடவே இல்லை. அடுத்த கோடையில் நட்டது அத்தனையும் செத்தது. தொடாத பாதியிலோ, சாகாமல் தப்பிய தெற்குப் பவளத் திட்டிலிருந்து மிதந்து வந்த பவளக் குஞ்சுகள் தாமாக ஒட்டி, வெப்பத்தையும் தாங்கி, நகத்தளவு வளர்ந்திருந்தன.

அந்தத் தெற்குத் திட்டைத்தான் துறைமுகத்துக்காகத் தோண்டப்போகிறார்கள். தோண்டினால் என்ன, வேறு இடத்தில் நட்டுக்கொள்ளலாம் என்பது அமைச்சரின் வாதம். நட்டது நிற்காது, தெற்கு போனால் மேற்கும் பிழைக்காது என்று அறிக்கை அனுப்பினேன். படத்தையெல்லாம் நம்பமாட்டாராம், கண்ணால் பார்க்க வருகிறாராம். வரட்டும், குஞ்சுகளை அவர் மூக்குக்கு நேராகக் காட்டுகிறேன் என்றிருந்தேன்.

தலைநகர் மாலேயில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு, அவர் வருவதற்கு முந்தின நாள் திரும்பி, முங்கிப் பார்த்தால் பாறை பூந்தோட்டமாக இருக்கிறது. இரண்டு பாதியையும் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுப் பளபளவென்று புதுப் பவளம் நட்டிருக்கிறார்கள். ஒரு குஞ்சு மிச்சமில்லை.

கரையேறினால், தீவுத் தலைவரான என் தாய்மாமன் ஸகரிய்யா பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

"எப்படி இருக்கு மருமகளே? ஊரே சேந்து செஞ்சோம். நீ பாட்டுக்கு மொட்டைப் பாறையா போட்டு வச்சிருந்தியே, அமைச்சர் பாத்தா என்ன நினைப்பாரு?"

"யாரைக் கேட்டு மாமா கை வச்சீங்க?"

"உனக்காகத்தான்டி! அழகா இருந்தா மனசு இளகி, தெற்கைத் தோண்டாம விடுவாருல்ல?"

"துண்டெல்லாம் எங்கேருந்து ஒடிச்சீங்க?"

"தெற்குத் திட்டுலதான். அங்கதானே நிறைய கெடக்கு."

"மூளையையும் மாசிக் கருவாட்டோட சேத்துக் காயப்போட்டுட்டீங்களா?"

தாய்மாமனிடம் பேசக்கூடாத பேச்சுத்தான். பேசினேன், இன்னும் மோசமாகவும் பேசினேன். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் அடித்தாவது ஆறியிருப்பேன். பாசத்தில் செய்துவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நிற்கிற மனிதரை என்ன செய்வது?

மறுநாள் அமைச்சர் கண்ணாடித்தளப் படகில் உட்கார்ந்து பார்த்தார், கைதட்டினார்.

"ஐயா, இது இந்த வாரம் நட்டது. அடுத்த கோடையில செத்துடும்" என்றேன்.

"கண்ணால பாத்துட்டேனேம்மா! நட்டா இவ்வளவு ஜோரா வருது. அப்புறம் தெற்கைத் தோண்ட என்ன தயக்கம்?"

படகில் என் பக்கத்தில் இருந்த மாமாவின் சிரிப்பு நின்றது. என் கையை இறுகப் பிடித்தார்.

"ஷிஃபாஸா, சொல்லேன்டி! நட்டது நிக்காது, தானா வந்ததுதான் நிக்கும்னு சொல்லுவியே. அந்தக் குஞ்சுங்களைக் காட்டு, சீக்கிரம்!"

"எந்தக் குஞ்சுங்களை மாமா?" என்று கேட்டேன்.