இரண்டு டிரைவர்கள்

1

இந்தக் கதை என் காது தப்பாகக் கேட்டதில் பிறந்தது. நாசரேத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் என் மனைவியின் தங்கை ஜெப்ஸி, “டிரைவருக்கு லிமிட் வச்சேன் அத்தான்” என்றாள். ஏதோ லாரிக்காரரின் குடியைக் குறைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

2

‘தூத்துக்குடித் துறைமுகத்தின் மேல் கருமேகங்கள்...’

(இந்த வரியை அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயிலாம்.)

ஜெப்ஸி துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் என்ஜினியர். அங்கே ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் இயந்திரங்கள், தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் போல ஓடுகின்றன. ஒன்று கேமராப் படங்களை வாங்கும். இன்னொன்று வாசல் கேட்டைத் திறக்கும். கேமரா இயந்திரத்தின் நெட்வொர்க் டிரைவர் (மென்பொருள்தான் வாசகரே, பீடி குடிக்காது) படங்கள் குவியக் குவிய மெமரியை வாங்கிப்போட்டுக்கொண்டே இருந்தது. மற்றதற்கு மிஞ்சவில்லை. கேட் நின்றுவிட்டது.

வெளியே லாரிகள் வரிசை கட்டின. அதில் செல்வதுரை என்பவரின் குளிர்பெட்டி நிறைய இறால். அதன் ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்துகொண்டிருந்தது.

ஜெப்ஸி வரம்பு வைத்தாள். டிரைவருக்கு இவ்வளவுதான் மெமரி. நிரம்பினால், வருகிற படத்தை விட்டுவிட வேண்டும். கேட் திறந்தது. இறால் கெடாமல் கப்பலேறியது.

(இங்கேயே நிறுத்தினால் இது விளம்பரம்.)

3

மறுநாள் பார்த்தால் கேட் கம்பம் வளைந்திருந்தது. மேனேஜர் சங்கரபாண்டியன் செல்வதுரையைச் சந்தேகித்தார். அவர், தான் இடிக்கவே இல்லை என்றார். கேமராவில் அவர் லாரி கேட்டை நெருங்குகிறது. அடுத்த படத்தில் தாண்டிவிட்டது. நடுவில் ஒன்றுமில்லை. ஆளை வைத்துப் படத்தை அழித்திருக்கிறார், இனி உள்ளே விடாதீர்கள் என்றார் மேனேஜர்.

ஜெப்ஸி பேசாமல் இருந்திருக்கலாம். அவளைத் தவிர யாருக்கும் காரணம் தெரியாது.

“யாரும் அழிக்கல சார். நான் வச்ச லிமிட்டால அந்தப் படம் விட்டுப்போச்சு.”

“அப்ப லிமிட்ட எடும்மா.”

“எடுத்தா கேட் மறுபடி நிக்கும். எடுக்க மாட்டேன். இல்லாத படத்த வச்சு அந்த அண்ணாச்சிய வெளிய நிறுத்தாதீங்க.”

சங்கரபாண்டியன் லாரியை உள்ளே விடச் சொன்னார். வரம்பு இன்றும் இருக்கிறது.

4

செல்வதுரை இடித்தாரா?

‘பின்சக்கரம் கம்பத்தை உரசியபோது அவர்...’

வேண்டாம். இடித்தார் என்றும் இடிக்கவில்லை என்றும் என்னால் நம்பும்படி எழுத முடியும். அதனாலேயே எழுதப்போவதில்லை. ஜெப்ஸியும் அவரிடம் கேட்கவில்லை.

அவள் நிற்பதைக் கண்டால் மட்டும் செல்வதுரை ஹாரனை லேசாகத் தட்டிவிட்டுப் போகிறாராம். அது நன்றி மட்டும்தானா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.