ஒரு சாண் இடப்பக்கம்

1

என்னால் வெட்ட முடியாத வரி என்று ஒன்று இதுவரை எழுதப்படவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். கல்லூரியின் நகைச்சுவை இதழுக்கு இரண்டு வருடமாக நான்தான் ஆசிரியன். நண்பர்களின் காதல் கவிதைகளைப் பாதியாக வெட்டியிருக்கிறேன். மீதிப் பாதியையும் எடுத்த பிறகு அவை இன்னும் மேம்பட்டன. கிழக்கு மொன்டானாவில் எனக்கு இணையான கத்தரி கிடையாது.

இந்தக் கதை பிறந்தது, செப்டம்பரில் வெர்லின் மாமா ஒரு இரும்பு முள்ளை நகர்த்த மறுத்தபோது. முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அறுவடை முடிந்த கோதுமை வயல்களின் மேல் காற்று, துணையை இழந்த ஓநாயைப் போல —"

வேண்டாம். காற்று காற்றைப் போலத்தான் அடித்தது.

2

(இந்தப் பகுதி கடைசி வடிவத்தில் இருக்காது.)

ஆர்லிஸ் அத்தை, என் அப்பாவின் அக்கா, வெர்லின் மாமாவின் மனைவி. துப்பாக்கி சுடுவதற்குக் குப்புறப் படுக்கும் முன் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பாள். துடைத்தபின் அது முன்னைவிட அழுக்காகிவிடும். மாட்டிக்கொண்டு, "இப்ப பரவால்ல, எதுவுமே தெரியல," என்பாள். பிறகு பத்துக் குண்டில் ஒன்பதை அட்டையின் நடுவில் போடுவாள்.

கதைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

3

பயனுள்ள விஷயங்கள் இனி. அத்தையின் துப்பாக்கி பழைய ரஷ்ய ராணுவத்துச் சரக்கு. கிரீஸ் அப்பிய மரப்பெட்டியில் வந்து, நல்ல பூட்ஸ் ஒரு ஜோடியின் விலைக்குப் போனது. எங்கள் ஊர்ச் சுடுகளத்தில் வருடத்துக்கு ஒருமுறை இந்த மாதிரிப் பெட்டித் துப்பாக்கிகளுக்கு மட்டும் போட்டி நடக்கும். ஜெயித்தவர் பெயரைக் கோப்பையில் பொறிப்பார்கள். அடுத்த போட்டிவரை கோப்பை அவர் வீட்டில் இருக்கும். ஆறு வருடமாக அது அத்தை வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. வாழைப்பழம் போட்டு வைப்பார்கள்.

மார்ச்சில் அத்தை இறந்துபோனாள்.

(இந்த வாக்கியத்தை நீட்டிப் பார்த்தேன். நீளவில்லை.)

இந்த வருடப் போட்டியில் அவள் துப்பாக்கியோடு மாமா படுத்தார். அதுவரை போட்டியில் அவர் வேலை, அத்தைக்குப் பின்னால் உட்கார்ந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்வது மட்டும். ஆனால் கை நடுங்காத மனிதர். குண்டுகள் அத்தனையும் ஒரு சாஸருக்குள் அடங்கின. அந்த சாஸர்தான் நடுவிலிருந்து ஒரு சாண் இடப்பக்கம் கிடந்தது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். குழல் நுனியில் குறிபார்ப்பதற்காக உள்ள இரும்பு முள்ளை அத்தை தன் கண்ணுக்கும் கன்னத்துக்கும் ஏற்றபடி தட்டி வைத்திருந்தாள். அது ஆளுக்கு ஆள் மாறும். பித்தளைச் சுத்தியால் இரண்டு தட்டு. அவ்வளவுதான்.*

* ஒரு சாண் வலப்பக்கம் குறிவைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அவ நடுவுலதான்டா குறி பாப்பா," என்றார் மாமா.

4

முதல் சுற்று முடிந்தபோது தானியக் கிடங்கு கர்ட் புள்ளிகளில் முன்னால் இருந்தான்.

"யோவ் வெர்லின், பக்கத்து அட்டைக்காரன் பயந்து கெடக்கான்யா. பாத்து சுடு."

களத்தின் பொறுப்பாளர் டெப் கோல்ஸ்டாட் தலையில் அடித்துக்கொண்டாள். "முள்ளத் தட்டுங்க வெர்லின். கோப்பை இவன் வீட்டுக்குப் போச்சுன்னா அதுல பொகையில துப்புவான்."

"கழுவிட்டுத்தான் துப்புவேன்," என்றான் கர்ட்.

"காத்து மேக்கால திரும்புது," என்றார் மாமா. யாரும் அவரிடம் காற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

தனியாக அவரைப் பிடித்தேன்.

"மாமா, அது இரும்பு. அத்தை இல்ல."

"தெரியும்டா."

"அப்ப தட்டுங்க. அத்தை பேரு ஆறு தடவ இருக்கு அந்தக் கோப்பைல. அது வீட்ட விட்டுப் போயிடும்."

"கோப்பைல இருக்கறது கடக்காரன் பொறிச்ச பேரு. முள்ளு அவ கையால வச்சது."

"பென்சில்ல ஒரு கோடு போட்டுக்குவோம். அப்புறம் பழைய எடத்துக்கே தட்டிக்கலாம்."

"அப்ப அது உன் கோடுடா."

ஒரு பாத்திரம் இவ்வளவு முட்டாளாக இருந்தால் வாசகர் நம்ப மாட்டார் என்று இந்த இடத்தில் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அழகாக, அடிக்கோடிட்டு.

5

முடிவு அ: மாமா முள்ளைத் தட்டுகிறார். ஜெயிக்கிறார். கோப்பையைக் கட்டிக்கொண்டு —

முடிவு ஆ: முள் அப்படியே இருக்கிறது. சொர்க்கத்திலிருந்து வந்ததுபோல ஒரு காற்று, குண்டுகளை ஒரு சாண் வலப்பக்கம் தள்ளுகிறது. (அந்த அளவு காற்றுக்கு டெப் போட்டியையே நிறுத்தியிருப்பாள்.)

நடந்தது வேறு. சாப்பாட்டு இடைவேளையில் மாமா துப்பாக்கியை டிரக்கின் பின்பலகையில் கிடத்திவிட்டு, சுத்தியை என்னிடம் நீட்டினார்.

"நீ தட்டு. நான் பாக்கல."

திரும்பி நின்றுகொண்டார். கையில் மாட்டிறைச்சிச் சில்லிக் கிண்ணம். சாப்பிடவில்லை.

வெட்டுவதில் என் தகுதியை முதல் பகுதியில் சொல்லியிருக்கிறேன். முள்ளைப் பெருவிரலால் தொட்டேன். வெயிலில் சுட்டது. பிறகு குனிந்து, டிரக்கின் பின்னால் டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"ஆச்சு மாமா."

இரண்டாம் சுற்றில் பத்தும் சாஸருக்குள். ஒரு சாண் இடப்பக்கம்.

மாமா தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"நல்லாத்தான் தட்டியிருக்க."

கோப்பையைக் கர்ட் வாங்கிக்கொண்டான். உள்ளே எட்டிப் பார்த்தான். வாழைப்பழக் கறைகூட இல்லை. மாமா காலையிலேயே தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். கர்ட் என்னவோ சொல்ல வாயைத் திறந்து, வாயிலிருந்த புகையிலையை நடந்துபோய்ப் புல்லில் துப்பிவிட்டு வந்தான்.

அதன்பின் கர்ட் என்ன செய்தான், கோப்பை இப்போது யார் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது என்பதை நான் எழுதப்போவதில்லை.

6

இதழின் துணையாசிரியை டெஸ் கதையைப் படித்துவிட்டுப் போனில் கூப்பிட்டாள். "ரெண்டாவது பகுதிய எடுத்துடுடா. அதுதான் கதைய ஒரு பக்கமா இழுக்குது. நீயே இருக்காதுன்னு எழுதியிருக்க, அப்புறம் ஏன் இருக்கு?"

அவள் சொன்னது சரி. அதை எடுத்துவிட்டால் கதை நேராகிவிடும்.

வேண்டுமானால் நீங்கள் எடுத்துவிட்டுப் படியுங்கள். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன்.