அடைக்கோழி

மேற்கு மலைமுகட்டில் முகில்கள் மந்தையெனத் தங்கி நிற்க, துடியலூர்ப் பட்டறைகள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் ஓசையடங்கிக் கிடக்க, அறுப்புத் திருநாள் கொண்டாடிய கிறித்தவச் சிற்றாலயத்தின் முற்றத்தில் வாழைத்தார்களும் கரும்புக் கட்டுகளும் பூசணிகளும் குன்றெனக் குவிந்திருந்த முற்பகல் அது. மக்கள் படைத்தவற்றை ஏலமிட்டு, வரும் தொகையை ஏழையர்க்கு அளிப்பதும், பின்பு பந்தலில் கூடி விருந்துண்பதும் அங்குள்ள வழக்கம்.

நீரேற்றுப் பொறிகள் செய்து செல்வம் சேர்த்த ஜெரோம், வாயிலில் கிடந்த ஏழையைக் காணாமலே நாள்தோறும் விருந்துண்ட செல்வனின் கதையை அன்று ஆயர் உரைக்கக் கேட்டதிலிருந்து, முள்மேல் அமர்ந்தவர்போல் நிலைகொள்ளாதிருந்தார். அவன் நானில்லை என்று உடனே மெய்ப்பித்தாக வேண்டும்! கால்கட்டிய செங்கோழியொன்று ஏலத்துக்கு வந்தது. “இருநூறுங்க” என்று எழுந்த மெல்லிய குரல் யாருடையதென்று திரும்பியும் பாராமல், “பத்தாயிரம்!” என்றார்.

“ஏனுங்ணா, முட்டைக்குப் பதிலா மோட்டார் போடுமுங்களா இது?” என்று ஏலக்காரர் கேட்க, முற்றமே சிரித்தது.

“விருந்துச் சமையலுக்கே கொடுத்துவிடுங்கள்” என்றார் ஜெரோம். கைதட்டல் கோடைமழையெனப் பொழிந்தது.

அது ஓய்ந்தபின், அவர் பட்டறையிலேயே ஆறாண்டுகளாகக் கூட்டிப் பெருக்கும் மதிவதனி வந்து நின்றாள்.

“ஐயா, இருநூறுன்னு கேட்டது நானுங்க. கோழியத் திருப்பிக் குடுத்துப்போடறீங்களா? படைக்கறதுக்கு ஊட்டுல வேற ஒண்ணுமில்லீங்க. குடுத்தவங்களே ஏலத்துல கேட்டா ஆரும் மேல கேக்கமாட்டாங்கன்னுதான் கொண்டாந்தேன். அடையில இருந்த கோழீங்க. பதினொரு முட்டையும் ஆறிப்போகுது. அந்தக் குஞ்சுகள வெச்சுத்தான் எங்க பொழப்பே.”

“இந்த வழக்கத்தை யாரும் என்னிடம் சொல்லவில்லையே!”

“எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதானுங்களே.”

ஜெரோம் பந்தலுக்குப் பின்னே ஓடினார். தீட்டிய கத்தியின் அருகே, கூடைக்குள் கோழி உயிரோடிருந்தது. அதை அவள் மடியில் வைத்து மகிழுந்தை விரட்டினார். அவள் வழிகாட்டிய வீடோ, அவர் பட்டறை மதிலை ஒட்டி, இத்தனை ஆண்டும் அவர் கண்ணில் படாத சந்தில் இருந்தது. முட்டைகளைத் தொட்டார், ஓடைக் கற்களெனக் குளிர்ந்திருந்தன. மிரண்ட கோழி மூலைக்கு மூலை சுற்றி, நெடுநேரங் கழித்தே அவற்றின்மேல் அமர்ந்தது.

“பொரிக்குமா?”

“அது தெரியறதுக்குப் பத்து நாளு போகோணுமுங்க.”

கொடுத்த கையை முற்றமெல்லாம் கண்டது. பறித்த கையைக் கண்டவர்கள் அவளும் அவரும் மட்டுமே. முகம் பாராமல் ஈவதும் வாயிலில் கிடப்பவனைத் தாண்டிப் போவதே என்றறிந்த அந்த நெஞ்சு, பொரியுமோ பொரியாதோ என்னும் பதினொரு முட்டைகளின்மேல், அன்றுமுதல் தானும் அடைகிடந்தது.